தறி நின்ற ராத்திரி

பல்லடம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. உன் பொண்ணு பாப்பா கதவைச் சாத்திக்கொண்டு யாரோடும் பேசுவதில்லை, "வாத்தியாராச்சே, என்னன்னு சொல்லு" என்று கேட்டிருக்கிறாய். வாத்தியார் கோட்டை விட்ட கதையை முதலில் கேள்.

பத்தாவதில் ஒரு பையன். வீட்டை ஒட்டி நாலு விசைத்தறி, அப்பா அம்மா கூலிக்கு ஓட்டுகிறார்கள். முதல் பீரியடில் சில நாள் தூங்கி விழுவான். ராத்திரியெல்லாம் தறிச்சத்தம், எப்படித் தூங்குவான் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சத்தம் இருந்தாத் தூங்கிருவனுங்க சார். தறி நின்னாத்தான் தூக்கம் வராது."

நெய்யத் தரும் பாவு நூல் வராவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி இல்லை. அப்பா சாயங்காலம் வெளியே போய்த் தள்ளாடி வருவார், அம்மா ஏதோ கேட்பார், அப்புறம் விடிய விடியச் சண்டை. இவன் தம்பியின் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். 2022-ல் கூலி உயர்வு கேட்டு நம்ம பக்கம் வாரக்கணக்கில் தறி நின்றதே, அப்போது இவன் ஆறாவது. அந்த நாட்களைப் பற்றி மட்டும் இன்றுவரை வாய் திறக்கவில்லை. நாம் அதைப் பேப்பரில் படித்துவிட்டு மடித்து வைத்தோம்.

இல்லாத வீட்டுக் கஷ்டம் என்று சொல்லிவிடாதே. போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர் மகனும் எனக்கு மாணவன். அப்பா வண்டியோடு வடக்கே இருப்பார்; வாரம் ஒரு போன், அதிலும் மார்க்குதான் பேச்சு. நகம் முளைக்கவிடாமல் கடிப்பான்.

ஹவாயில் காவாய் என்றொரு தீவு. அங்கே 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற அம்மையார் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமையும் குடும்பச் சண்டையும் சேர்ந்த வீடுகளிலும் மூன்றில் ஒரு பிள்ளை நன்றாகவே தலையெடுத்தது. அப்படி வந்தவர்களுக்கு, பெற்றவர்கள் இல்லாவிட்டாலும் பாட்டியோ டீச்சரோ, ஒட்டிக்கொள்ள ஓர் ஆள் இருந்திருக்கிறது. படித்ததும் உன் அம்மாயிதான் ஞாபகத்துக்கு வந்தார். உங்கப்பா கை ஓங்கிய நாளெல்லாம் நீ அங்கே ஓடுவாய். ஏன் வந்தாய் என்று கேட்காமல் கம்பங்கூழ் கரைத்து வைப்பாரே.

கோவிச்சுக்காதே. நீயும் உன் சம்சாரமும் மூணு மாசமாகப் பேசிக்கொள்வதில்லை என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். பாப்பா கதவைச் சாத்தியது எப்போதிருந்து?

லீவுக்கு அவளை இங்கே அனுப்பு. மார்க் கேட்கமாட்டேன். வெளி ஆளிடம் பேசத் தோன்றினால் அரசு மனநல உதவி எண் 14416-ஐக் கொடுத்து வை. ராத்திரியும் எடுப்பார்கள், காசில்லை.

அந்தப் பையன் இப்போது தறி நின்ற மறுநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து, "நின்னுருச்சுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறான். அன்றைக்கு முதல் பீரியடில் அவனை எழுப்புவதில்லை.

உன்,
மச்சான்