நீல மூடிக் குழாய்க்கு ஒரு நன்றி

இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இரவுப் பணி பார்க்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழையில் பத்தொன்பது இரவுகள் உங்கள் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவன் நான். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தவன் என் தம்பி. டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் நேரிலேயே கைகூப்பிவிட்டேன். உங்களுக்குத்தான் பாக்கி.

கடலூர் முதுநகரில் எங்களுக்கு மளிகைக்கடை. சளிக்காய்ச்சல்தானே என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையில் நான்கு நாள் ஓட்டினோம். ஃப்ளூ காய்ச்சலுக்கான ஓசல்டமிவிர் மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. ஐந்தாம் நாள் விடியலில் தம்பியின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிப் புதுச்சேரி வரும்வரை ஆக்சிஜன் முகமூடியைக் கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருந்த ஆம்புலன்ஸ் உதவியாளரே, உங்கள் பெயரைக்கூடக் கேட்கத் தவறிவிட்டேன். மன்னியுங்கள்.

தொண்டைச் சளியில் இன்ஃபுளுவென்சா ஏ, அதாவது ஃப்ளூ வைரஸ், என்று வந்தது. அன்றே செயற்கைச் சுவாசம் வைத்தார்கள். உள்ளே விடமாட்டார்கள், எனக்குக் கிடைத்ததெல்லாம் எண்கள் மட்டுமே. கடனுக்குச் சரக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவற்றைக் குறித்துக்கொண்டேன். உடம்புக்கு ஆக்சிஜன் போதாதபோது இரத்தத்தில் ஏறும் லாக்டேட் 4.1, இரண்டுக்குள் இருக்க வேண்டியதாம். வெள்ளை அணுக்களில் ஒருவகையான நிணநீர் அணுக்கள் 400. ஆயிரத்துக்கு மேல் இருக்க வேண்டியவை. உடம்பில் அழற்சி கூடினால் ஏறும் சி.ஆர்.பி. என்ற புரதம் 212.

லாக்டேட்டுக்கான இரத்தத்தை மணிக்கட்டுத் தமனியிலிருந்து எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, ஒரு பையன் ஓடுவான். ஈரத் தரையில் வழுக்கி விழப்போனவனை ஒருமுறை நானே பிடித்து நிறுத்தினேன். ஏன் இந்த ஓட்டம் என்று கேட்டேன். வெளியே எடுத்த பிறகும் இரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டேட்டைப் பெருக்கிக்கொண்டே இருக்குமாம். தாமதித்தால் எண் பொய் சொல்லுமாம். சொல்லிவிட்டு மறுபடியும் ஓடினான்.

மூன்றாம் இரவு நீல மூடிக் குழாய் ஒன்றைத் திருப்பி அனுப்பினீர்கள். மறுபடியும் ஊசியா என்று நான் சன்னலைத் தட்டிச் சத்தம் போட்டேன். முகக்கவசத்துக்கு மேல் இரண்டு கண்கள் மட்டும் தெரிய ஓர் அம்மா வெளியே வந்தார். குழாயில் இருக்கும் கோட்டைக் காட்டினார். இரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு இரத்தம். கோடு வரை நிறையாவிட்டால் டி-டைமர் அளவை நம்ப முடியாது என்றார். உடம்புக்குள் இரத்தம் கட்டிக் கரைகிறதா என்பதற்கு அதுதான் தடயம் என்றும் சொன்னார். முப்பது வருடமாகத் தராசு பிடிக்கிற எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அம்மா, அன்று கத்தியதற்கு வெட்கப்படுகிறேன்.

ஆறாம் நாளைச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. புரோகால்சிடோனின் என்ற ஒன்றை அடிக்கடி பார்த்தீர்கள். வைரஸ் மட்டும் தாக்கும்போது அது பெரும்பாலும் அடங்கியே கிடக்கும், பாக்டீரியா புகுந்தால் சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் நாட்களில் 0.14. ஆறாம் நாள் அதிகாலை 3.8. காய்ச்சல் கூடவில்லை, சளியின் நிறமும் மாறவில்லை. மூன்றரை மணிக்கு உங்களில் ஒருவர், அறிக்கை அச்சாகும்வரை காத்திராமல், வார்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். சிறுநீரகம் சோர்ந்தாலும் இது ஏறும், இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டோம் என்றார் டாக்டர். ஆனால் நுரையீரல் படத்தையும் ஆக்சிஜன் தேவையையும் சேர்த்துப் பார்த்து, சளியைக் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு உடனே ஆன்டிபயாடிக் தொடங்கினார். இரண்டு நாள் கழித்து ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா வளர்ந்திருப்பதாகத் தகவல் வந்தது. ஃப்ளூவுக்குப் பின்னாலேயே நுழையும் பழைய திருடனாம் அது.

சி.ஆர்.பி.யின் கதையைச் சொன்ன ஆய்வக அலுவலருக்குத் தனியாக நன்றி. 1930-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டது அது. தம்பியைச் சாய்த்த வைரஸின் பங்காளியான இன்ஃபுளுவென்சா பி-யை 1940-இல் பிரித்தெடுத்தவரும் அதே பிரான்சிஸ்தானாம். இரவு இரண்டு மணிக்குத் தேநீரோடு கேட்ட கதை. அன்று எனக்குத் தூக்கத்தைவிட அது உதவியது.

212, 188, 240, 131, 60, 22. நோட்டில் சி.ஆர்.பி. இப்படி இறங்கி வந்தது. நடுவே ஏறிய 240 அந்த ஆறாம் நாளுடையது.

தம்பி இப்போது கடைவாசல் வரை நடக்கிறான். மாடிப்படி இன்னும் முடியவில்லை. கோபம் மட்டும் பழையபடி வந்துவிட்டது. பண்ருட்டி முந்திரி இரண்டு கிலோ கொண்டுவந்தேன். ஆய்வகத்துக்குள் தின்பண்டம் கூடாது என்று சரியாகவே மறுத்துவிட்டீர்கள். வாசல் காவலரிடம் கொடுத்திருக்கிறேன். பனிக்கட்டிப் பெட்டியோடு ஓடும் அந்தப் பையனுக்கும் ஒரு பங்கு எடுத்துவையுங்கள்.

இப்படிக்கு,
முதுநகர் மளிகைக்கடைக்காரன்