தண்ணீர்மலையில் அப்பாவுக்கு இருவாச்சிப் பறவை காட்டிய அண்ணனுக்கு

போன ஞாயிறு காலை, பினாங்கு தாவரவியல் பூங்காவில் சக்கர நாற்காலியில் இருந்த பெரியவரை உங்களுக்கு நினைவிருக்கும். அவர் என் அப்பா. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில், இறக்கைச் சத்தத்தை வைத்தே இருவாச்சி என்று சொல்லிவிடுவார். பக்கவாதம் வந்த பிறகு, இன்னொரு தடவை பார்க்கணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அன்று பைனாகுலரைப் பிடிக்கக் கை ஒத்துழைக்கவில்லை. நான் பிடித்துக் காட்டினால் இலைதான் தெரிந்தது. "போதும்மா, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை, அண்ணே. உங்கள் முக்காலியின் கால்களை ஒவ்வொன்றாகச் சுருக்கி, தொலைநோக்கியை அப்பாவின் கண் உயரத்துக்கு இறக்கி, மரப்பொந்துக்கு நேராக வைத்தீர்கள். பெண் பறவை உள்ளே இருந்து பொந்தை அடைத்துக்கொள்ளும், ஒரு கீறல் அளவுதான் திறந்திருக்கும், ஆண்தான் இரை கொண்டுவரும், கிட்டே போனால் மிரண்டு திரும்பிவிடும் என்று மெதுவாகச் சொன்னீர்கள். நாற்பது நிமிடம் எங்களோடு நின்றீர்கள். உங்கள் தொலைநோக்கியில் நீங்கள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஆண் வந்தது. தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கீறலுக்குள் கொடுத்தது. அப்பா சத்தமாக எண்ணினார். ஏழு!

மழை தூறியதும் நாற்காலியைக் கார்வரை தள்ளிவந்தீர்கள். நான் அப்பாவை ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் போய்விட்டீர்கள். நான் உங்கள் பெயர்கூடக் கேட்கவில்லை.

அப்பா தினமும் உங்களைக் கேட்கிறார். இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள், அண்ணே. வரும் ஞாயிறும் அங்கேதான் இருப்போம்.