ஐ.என்.எஸ். சென்னையை நம் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போர்க்கப்பல் என்றாலே நம்மூரில் 1914-ல் குண்டு போட்ட எம்டனைத்தான் சொல்கிறோம், உயர் நீதிமன்ற மதிலில் அதற்குக் கல்வெட்டுகூட இருக்கிறது. சரி, நம் ஊர்ப் பெயரையே தாங்கிய கப்பலைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? மும்பை மசகான் டாக்கில் கட்டப்பட்டு 2016 நவம்பரில் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். சென்னை, கொல்கத்தா வகை நாசகாரிக் கப்பல்களில் மூன்றாவது. 164 மீட்டர் நீளம். 2020-ல் இதிலிருந்து பிரம்மோஸ் ஏவுகணையை ஏவிச் சோதித்தார்கள்.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது 2024 ஜனவரியில் நடந்ததுதான். சோமாலியா பக்கம் ஆயுதக் கும்பல் ஏறிய லீலா நார்ஃபோக் என்ற சரக்குக் கப்பலை இதுதான் போய் மறித்தது, கடற்படையின் கமாண்டோக்களான மார்கோஸ் வீரர்கள் உள்ளே ஏறி ஒவ்வொரு தளமாகத் தேடினார்கள், பாதுகாப்பு அறையில் பூட்டிக்கொண்டு இருந்த 21 மாலுமிகளும் (15 பேர் இந்தியர்கள்) பத்திரமாக வெளியே வந்தார்கள். அப்புறம் அந்தக் கப்பலின் மின்சாரத்தையும் எஞ்சினையும் சரிசெய்யவும் உதவினார்கள்.

இந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வரும்போதெல்லாம் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளை முதலில் ஏற்றிக் காட்டக் கடற்படையும் கல்வித் துறையும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், ராயபுரம், சென்னை