கிட் பர்ன்ஸை இப்படிக் கொஞ்ச வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நியூயார்க் ரவுடிகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மதுக்கடைக்காரர் கிட் பர்ன்ஸுக்கு முழுப் பக்கம் ஒதுக்கி, அவரைக் ‘கில்லாடி’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் 31 ஆண்டுகள் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன். அந்தப் பக்கத்தைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை.

பர்ன்ஸின் கடை வாட்டர் தெரு 273ஆம் எண் வீட்டில் இருந்தது. உள்ளே பலகைத் தடுப்பு வைத்த ஒரு குழி, அதைச் சுற்றிப் பார்வையாளர்களுக்கு இருக்கைகள். குழிக்குள் எலிகளைக் கொட்டி, ஒரு டெரியர் நாயை இறக்கிவிடுவார்கள். நாய் எவ்வளவு சீக்கிரம் கொன்று முடிக்கிறது என்று பந்தயம் நடக்கும். நாய்க்கு நாய் சண்டையும் உண்டு. கட்டுரையாளர் இதையெல்லாம் ‘வேடிக்கை’ என்ற ஒரே சொல்லில் கடந்துவிட்டார்.

எலி சும்மா சாகாது. மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் குவியும். நாய் மூக்கை நுழைத்தால் உதட்டையும் ஈறையும் கவ்விக்கொண்டு தொங்கும். அந்தக் கடி சீழ் பிடிக்கும். எலியின் மூத்திரத்தில் இருக்கும் லெப்டோஸ்பைரா கிருமி உடம்பில் ஏறிவிட்டால் நாயின் சிறுநீரகமும் ஈரலும் கெட்டுப்போகும்.

நாய்ச் சண்டை இதைவிடக் கொடுமை. சண்டைக்கு விட்ட ஒரு நாயை ஒரு நாள் ராத்திரி என்னிடம் தூக்கி வந்தார்கள். கழுத்தில் நாலே நாலு சின்னத் துளை. “சின்னக் காயம்தானே டாக்டர்?” என்று கேட்டான் கொண்டுவந்த பையன். முடியை மழித்துவிட்டுக் காயத்தைத் திறந்து பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சதையை விட்டுப் பிய்ந்து கிடந்தது. விடிவதற்குள் அது என் மேஜையிலேயே இறந்துபோனது. வாலை மட்டும் கடைசிவரை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தது.

1868இல் பர்ன்ஸின் கடையில் ஜெபக்கூட்டம் நடந்ததை, அவர் மனம் திருந்திய கதைபோலச் சொல்லியிருக்கிறீர்கள். அது சரியல்ல. பாதிரியார்கள் அந்தக் கூடத்தை வாடகைக்கு எடுத்துத்தான் கூட்டம் நடத்தினார்கள். பர்ன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டார். அப்புறமும் அவர் தொழிலை விடவில்லை.

அவரை விடாமல் துரத்திய ஹென்றி பெர்க்கின் பெயர் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1866 ஏப்ரலில் அமெரிக்காவின் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். அதே மாதம் நியூயார்க் மாநிலத்தில் வதைத் தடுப்புச் சட்டமும் வந்தது. மறு ஆண்டே விலங்குகளைச் சண்டைக்கு விடுவதையும் சட்டம் குற்றமாக்கியது. கப்பல் கட்டிய பணக்காரரின் மகன், வீட்டில் சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் தெருவில் நின்று, அடிபட்ட வண்டிக் குதிரைகளுக்காகச் சண்டை போட்டார். ஊர் அவரைக் கேலி செய்தது. 1870 நவம்பரில் பர்ன்ஸின் குழியில் சோதனை போட்டு ஆட்களைப் பிடித்தார்கள். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள், டிசம்பரில் பர்ன்ஸ் இறந்துவிட்டார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பர்ன்ஸின் கடை இருந்த அந்த வாட்டர் தெரு வீட்டைத் தேடிப்போய்ப் பார்த்தேன். 18ஆம் நூற்றாண்டில் கட்டிய செங்கல் வீடு. மன்ஹாட்டனில் இன்றும் நிற்கும் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று. இப்போது வசதியானவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீடாகிவிட்டது. எதிர்ப்புறம் நின்று, அந்தக் குழி எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மகள் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நகர்ந்தேன்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் பெர்க்கைப் பற்றி அரைப் பக்கமாவது எழுதுங்கள். அவருடைய படம் ஒன்றும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்