வரத்துக்கால் இல்லாத மானியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுச்சூழல், காலநிலைப் பணிகளுக்கான அரசு மானியங்கள் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஒதுக்கீடு போதாது என்பது கட்டுரையாளரின் வாதம். மறுக்க முடியாது. நிலக்கரி மீது 2010-இல் டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கிய தூய எரிசக்தி வரி, 2016-இல் 400 ரூபாய் ஆனது. மறு ஆண்டு ஜிஎஸ்டி வந்ததும், அது மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் செஸ்ஸாக மாறிப்போனது. சுற்றுச்சூழலின் பெயரால் வசூலான பணம் வேறு கணக்குக்குப் போனதைப் பார்த்தவர்கள் நாம். ஆனாலும் செட்டிநாட்டில் இருப்பவனுக்கு இதைவிட அவசரமான கேள்வி வேறு. வந்து சேர்ந்த பணத்தில் வேலை முடிந்து, பில்லும் பாஸ் ஆன பிறகு, அந்த இடத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

எங்கள் வட்டாரத்தில் உள்ள ஓர் ஊருணியைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் யார் படித்தாலும் தம் ஊர் என்றே நினைப்பார்கள். செம்பூராங்கல் படித்துறை, கரையில் பழைய மரங்கள், மேற்கே ஒரு மாட்டுவண்டி நுழையும் அகலத்துக்கு வரத்து வாய். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுவதும் வரத்துக்கால் என்னும் வாய்க்கால் வழியே அங்கே வந்து விழும். இந்த ஊருணியைப் புனரமைக்க மானியம் வந்தது. தூர் வாரினார்கள், நன்றாகவே வாரினார்கள். பிறகு நான்கு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பி, சிமென்ட் கல் பதித்து நடைபாதை போட்டு, எவர்சில்வர் கைப்பிடி வைத்தார்கள். வரத்து வாய் இருந்த இடத்தில் ஒரு சாண் விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் சொருகினார்கள். அடுத்து வேறொரு திட்டத்தில் சாலையை உயர்த்தியபோது அந்தக் குழாயின் வாயும் மண்ணுக்குள் போய்விட்டது. இப்போது மழைத் தண்ணீர் சாலையோடு ஓடி பஸ் நிறுத்தத்தில் தேங்குகிறது. ஊருணிக்குள் காட்டாமணக்கு ஆளுயரம் நிற்கிறது. மதிப்பீட்டுத் தொகை எழுதிய பலகைக்கு மட்டும் பெயிண்ட் கூட உதிரவில்லை.

இதில் யாரும் பணத்தைச் சுருட்டியதாக நான் சொல்லவில்லை. கணக்கைத் தணிக்கை செய்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. எஸ்டிமேட்டில் தூர் வார ஒரு செலவு இனம் உண்டு, சுவருக்கு ஓர் இனம் உண்டு, மரக்கன்றுக்கும் கூண்டுக்கும் உண்டு. வரத்துக்காலில் அடைத்த முள்ளை ஆண்டுதோறும் வெட்டுவதற்கு இனம் இல்லை. சித்திரை வெயிலில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுபவருக்குக் கூலி இல்லை. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-இல் தொடங்கியபோது, மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 சதவீதம் ஆக்குவது இலக்கு என்றார்கள். நல்ல இலக்குதான். ஆனால் நட்ட கன்றை எண்ணுவதற்கு இருக்கிற ஆள், மூன்றாம் ஆண்டில் பிழைத்த கன்றை எண்ண வருவதில்லை.

இந்தச் சீமையில் கண்மாய் வெட்டியவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார்கள். பாசனத் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் ஊர்ப் பணியாளரான நீர்க்கட்டிக்கு அறுவடைக் களத்திலேயே நெல் அளந்துவிடுவார்கள். மடையைத் திறப்பதும் அடைப்பதும், இரவு மழையில் கரையைச் சுற்றிவருவதும் அவர் பாடு. கண்மாய் நிறைந்து, தண்ணீர் கலுங்கு தாண்டி வழியும் முன் ஊரை எழுப்ப ஓர் ஆள் இருந்தார் என்பதுதான் விஷயம். இன்றைய எந்தத் திட்டத்திலும் அந்த ஆள் இல்லை.

நீர்நிலைகளை ஊர்க்காரர்களே சேர்ந்து செப்பனிடும் குடிமராமத்தை 2017-இல் மீண்டும் கொண்டுவந்தபோது கொஞ்சம் நம்பினேன். மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கை, பாசனம் பெறும் ஆயக்கட்டுதாரர்கள் பணமாகவோ பொருளாகவோ உடலுழைப்பாகவோ தர வேண்டும் என்று வைத்திருந்தார்கள். சரியான யோசனை. ஆனால் நான் பார்த்த இடங்களில் வேலைக்காக அவர்கள் சங்கம் கூடியது, வேலை முடிந்ததும் கலைந்தது. மறு ஆண்டு கூடுவதற்கு அதற்கு ஒரு காரணமும் இல்லை, கையில் ஒரு காசும் இல்லை. கண்மாயின் மீன்பாசி குத்தகைப் பணமாவது அந்தக் கண்மாய்க்கே திரும்பினால் சங்கம் உயிரோடு இருந்திருக்கும். 2022-இல் வந்த அம்ரித் சரோவர் திட்டத்தில் மாவட்டத்துக்கு 75 நீர்நிலை. ஒவ்வொன்றும் குறைந்தது ஓர் ஏக்கர், 10,000 கன மீட்டர் கொள்ளளவு. அதாவது ஒரு கோடி லிட்டர். அதற்கென்று தனி நிதி கிடையாது. ஊரக வேலைத் திட்டம், நிதிக்குழு மானியம் என்று இருப்பதைச் சேர்த்துச் செய்யச் சொன்னார்கள். ஒரு கோடி லிட்டர் கொள்ளும் பள்ளம் வேண்டும் என்று விதி இருக்கிறது. அதில் ஒரு குடம் தண்ணீராவது வந்து சேர வழி இருக்கிறதா என்று யார் போய்ப் பார்த்தார்கள்?

பணமே இல்லை என்று ஊராட்சிகளும் கையை விரிக்க முடியாது. 2021 முதல் 2026 வரைக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கென்றே ஒதுக்கப்பட்டது. வரத்துக்காலைத் திறந்து வைப்பது மழைநீர் சேகரிப்பு இல்லையென்றால் வேறு எதுதான் மழைநீர் சேகரிப்பு? கிராம சபையில் கேட்டால் தீர்மானப் புத்தகத்தில் ஏறும். அதற்கு மேல் ஏறாது.

சிறு குழுக்களுக்கென்றே ஏற்பட்ட மானியம் உலகத்தில் இல்லாமல் இல்லை. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறுமானியத் திட்டம் 1992 முதல் நடக்கிறது. உள்ளூர் அமைப்புகளுக்கு நீண்ட காலமாக 50,000 டாலர் வரை தந்துவந்த ஏற்பாடு அது. இங்கேயோ விரிவான திட்ட அறிக்கை ஆங்கிலத்தில் வேண்டும், மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கு வேண்டும், பதிவுச் சான்று வேண்டும். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளை வெடி கேட்காமல் வளர்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். எந்த விண்ணப்பத்தில் இதை எழுதக் கட்டம் இருக்கிறது?

"செட்டிநாட்டுக்கு எதற்கு அரசு மானியம், பணக்கார ஊர்தானே" என்று சிலர் கேட்பதுண்டு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துத்தான் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. அந்தக் கொடை உண்மை. இன்றைய நிலையும் உண்மை: பெரிய வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடப்பதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கும் முன்னோர் வழிபாடான படைப்புக்கும் வருகிறார்கள். ஊருணித் தண்ணீரை நம்பி இருப்பவர்கள் இங்கேயே கிடக்கும் நாங்கள். பெருமழை ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பது இனி அதிகமாகும் என்று அறிவியலாளர்கள் சொல்கிறார்கள். அப்படிக் கொட்டுவதைப் பிடித்து வைக்க எங்களுக்கு இந்த ஊருணிகளை விட்டால் வேறு ஏனம் இல்லை.

நான் கேட்பது பெரிதல்ல. நீர்நிலைக்கோ மரத்துக்கோ தரும் மானியத்தில் ஐந்தில் ஒரு பங்கை மாவட்ட அளவில் நிறுத்தி வைக்கட்டும். ஒவ்வொரு கார்த்திகையிலும் தண்ணீர் வந்து நிற்பதை நேரில் பார்த்த பிறகு, ஊருணியைக் காக்கும் ஊர்க் குழுவிடம் அதைத் தவணையாகக் கொடுக்கட்டும். விண்ணப்பம் தமிழில் இரண்டு பக்கம் போதும். புனரமைத்த ஊருணி, கண்மாய்களின் பட்டியலை வெளியிடும்போது, செலவான தொகைக்குப் பக்கத்தில் "வரத்துக்கால் திறந்திருக்கிறதா?" என்று ஒரு கட்டம் போட்டு ஆம், இல்லை என்று எழுதட்டும். அந்தப் பட்டியல் வந்துவிட்டால், கட்டுரையாளர் கேட்கும் கூடுதல் நிதியை நாங்களும் சேர்ந்தே கேட்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பள்ளத்தூர்.