கோட்டைக்கும் ஒரு பஸ் விடு, தம்பி

அன்புத் தம்பிக்கு,

நம் தமிழ்ச் சங்கத்தின் அடுத்த சுற்றுலா அறிவிப்பைப் பார்த்தேன். மறுபடியும் பிளிக்-ஆன்-பிளாக் கடற்கரை. மறுபடியும் சவுக்கு மர நிழல், பிரியாணி அண்டா, சாப்பாடு முடிந்ததும் செகா ஆட்டம், பொழுது சாய மணல் ஒட்டிய கால்களோடு பஸ். கடலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மொரீஷியஸில் கடற்கரைக்குப் போக ஒரு சங்கமும் ஒரு செயற்குழுவும் வேண்டுமா? அவரவர் வீட்டிலிருந்து கிளம்பினால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஏதாவது ஒரு கடல் வந்துவிடும்.

கோட்டைகளைப் பார்க்கப் போகலாம் என்று நீ சொன்னபோது, "அதெல்லாம் வெள்ளைக்காரர்கள் போட்ட சண்டை, நமக்கு அங்கே என்ன இருக்கிறது?" என்று ஒரு பெரியவர் கேட்டதாகவும், அதோடு பேச்சு நின்றுபோனதாகவும் எழுதியிருந்தாய். கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்லாமல் நீ வாயை மூடிக்கொண்டு வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மற்ற ஊர்ச் சங்கங்களிலும் இதே கேள்வி எழுவதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

தலைநகர் போர்ட் லூயியில் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிறதே லா பூர்தொனேயின் சிலை, அதிலிருந்து தொடங்கு. 1735-இல் இந்தத் தீவுக்குப் பிரெஞ்சு ஆளுநராக வந்தவர். ஊரைக் கட்ட அவருக்குக் கொத்தரும் தச்சரும் தேவைப்பட்டார்கள். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஆள் வந்தது. அவர்கள் குடியிருந்த பகுதிக்குத்தான் 'மலபார் முகாம்' என்று பெயர் விழுந்தது. ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே நம்மவர்கள் இங்கே கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இது உனக்குத் தெரியும், பள்ளியில் நானே சொல்லியிருக்கிறேன். பள்ளியில் சொல்லாத பாதி ஒன்று உண்டு. அதே லா பூர்தொனே 1746-இல் இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பல்களைத் திரட்டிக்கொண்டு போய், நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஆங்கிலேயரோடு மோதிவிட்டு, செப்டம்பரில் சென்னையைப் பிடித்தார். ஆம், நம் சென்னையை, புனித ஜார்ஜ் கோட்டையை. 1748 உடன்படிக்கைக்குப் பிறகுதான் அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. பிடித்தவர் பாரிஸுக்குத் திரும்பியதும் லஞ்சம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டில் பாஸ்தீல் சிறைக்குப் போனார். சிலையின் முகத்தில் அதெல்லாம் தெரியாது.

அது ஒரு தடவையோடு முடியவில்லை. 1781 டிசம்பரில் தளபதி சூஃப்ரேன் இருந்த பிரெஞ்சுக் கப்பற்படை இங்கிருந்துதான் கிளம்பியது. 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் சண்டை. மறு ஆண்டு கடலூரில் சண்டை. கரையில் ஹைதர் அலி, அவருக்குப் பின் திப்பு. 1798-இல் திப்புவின் தூதர்கள் போர்ட் லூயிக்கே வந்து இறங்கினார்கள். அப்போதைய ஆளுநர் மலார்த்திக், திப்புவுக்காகப் போரிட வருகிறவர்கள் வரலாம் என்று ஊரறிய அறிக்கை ஒட்டினார். ரகசியமாகச் செய்ய வேண்டிய காரியத்தைத் தண்டோரா போட்டுச் செய்தால் என்ன ஆகும்? கிடைத்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர்தான். ஆனால் அந்த அறிக்கை கல்கத்தாவிலிருந்த ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் கைக்குப் போய்ச் சேர்ந்து, போருக்குக் காரணம் காட்டப் பயன்பட்டது. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தது. மலார்த்திக்கின் கல்லறை எங்கே இருக்கிறது தெரியுமா? ஷாம் தெ மார்ஸில். குதிரைப் பந்தயத்துக்குப் போகிற நம் ஆட்கள் சனிக்கிழமை தோறும் அதன் பக்கமாகத்தான் நடக்கிறார்கள். கண் எல்லாம் பந்தயச் சீட்டில்.

ஆக, பெரியவரிடம் இதைச் சொல்: இந்தத் துறைமுகத்தில் ஆயத்தமான சண்டைகள் பெரும்பாலும் நடந்தது நம் முன்னோர் ஊர்க் கடலில்தான். சோழமண்டலக் கரையில் நெல் விளைத்தவன், நெசவு செய்தவன் தலையில்தான் அந்தக் குண்டுகள் விழுந்தன. அவனுக்கும் அவன் பேரப்பிள்ளைகளுக்கும் இங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது?

இனி தென்கிழக்குக் கரையில் உள்ள மாயேபூர். முதல் பஸ் அங்கே போக வேண்டும் என்பது என் கட்சி.

1810 ஆகஸ்டில் அந்த ஊரை ஒட்டிய கிராண்ட் போர்ட் விரிகுடாவில் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த சண்டையை எல்லோரும் பாரிஸ் வெற்றி வளைவோடு சேர்த்தே சொல்வார்கள். அந்த வளைவில் பொறிக்கப்பட்ட ஒரே கடற்போர் வெற்றி அது என்பார்கள். இருக்கட்டும். எனக்குப் பிடித்தது வேறு. விரிகுடாவின் வாயிலில் இருக்கும் இல் தெ லா பாஸ் என்ற சின்னத் தீவை ஆங்கிலேயர்கள் முதலில் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சுக் கொடியையே பறக்கவிட்டு, வருகிற பிரெஞ்சுக் கப்பல்களை ஏமாற்றப் பார்த்தார்கள். 20-ஆம் தேதி பிரெஞ்சுத் தளபதி துபெர்ரேயின் கப்பல்கள் வந்தன. அடிபட்டாலும் உள்ளே நுழைந்துவிட்டன. 23-ஆம் தேதி நான்கு ஆங்கிலப் போர்க்கப்பல்கள் அவற்றைத் துரத்தி உள்ளே போயின. அவற்றை முதலில் நிறுத்தியது எதிரியின் பீரங்கி அல்ல, பவளப்பாறை. 'சிரியஸ்' தட்டி நின்றது, 'மாஜிசியன்' தட்டி நின்றது. அருகே போக முடிந்த 'நெரெய்ட்' தனியாக அகப்பட்டு நொறுங்கியது. தரைதட்டிய இரண்டையும் அவர்களே கொளுத்திவிட்டார்கள். மிஞ்சிய 'இபிஜீனியா' சில நாட்களில் சரணடைந்தது.

பிள்ளைகளைக் கரையில், பொயந்த் தெ ரெகாத்தில் நிறுத்தி இதைச் சொல். தண்ணீரைக் காட்டு. வெளிர்பச்சை இருக்கும் இடம் மணல், பழுப்பு ஓடும் இடம் பாறை, கருநீலமாகக் கோடு போட்டதுபோல் தெரிவது ஆழமான வழி. இன்றும் அங்குள்ள படகோட்டிகள் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் படகைத் திருப்புகிறார்கள். கடற்படைத் தளபதிக்குத் தெரியாமல் போனதும் ஒரு மீனவனுக்குத் தெரிந்திருந்ததும் அந்த ஒரு கோடுதான். பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும். தேதிகள் பிறகு தானாக வரும். இரு தரப்பிலும் இறந்தவர்களுக்குச் சேர்த்து எழுப்பிய நினைவுத்தூண் அதே இடத்தில் இருக்கிறது.

பிறகு ஊரின் நுழைவில், லா ஷோ ஆற்றோரம் இருக்கும் பழைய மாளிகைக்கு அழைத்துப் போ. இப்போது அது தேசிய வரலாற்று அருங்காட்சியகம். சண்டையில் துபெர்ரேவுக்கு முகத்தில் காயம், ஆங்கிலேயத் தளபதி வில்லோபிக்கு ஒரு கண் போனது. இருவரையும் இந்த ஒரே வீட்டில்தான் படுக்க வைத்து வைத்தியம் பார்த்தார்கள். ஒருவனை ஒருவன் கொல்லப் பார்த்துவிட்டு, ஒரே கூரைக்குக் கீழே முனகிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். பெரிய மனிதர்களின் சண்டை அப்படி. அடித்தட்டில் பீரங்கிக்கு மருந்து சுமந்தவர்களுக்கு எந்த மாளிகையில் கட்டில் போட்டார்கள் என்று அங்கே கேட்டுப் பார். கேட்பதற்காகவே போக வேண்டும் என்கிறேன்.

அந்த வெற்றி நான்கு மாதம்கூட நிலைக்கவில்லை. ரோட்ரிக்ஸ் தீவில் ஒன்றுகூடிய பிரிட்டிஷ் படை நவம்பர் 29-ஆம் தேதி வடக்குக் கரையில், காப் மலரேவுக்குப் பக்கத்தில் இறங்கியது. டிசம்பர் 3-இல் தீவு கை மாறியது. சட்டமும் மொழியும் மதமும் வழக்கமும் அப்படியே இருக்கும் என்பது நிபந்தனை. இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகும் நீயும் நானும் கடையில் கிரியோலும் பிரெஞ்சுமாகப் பேசுவதற்கு வேர் அங்கே இருக்கிறது.

அந்தப் படையில் யார் இருந்தார்கள் என்பதைத்தான் பெரியவர் கேட்க வேண்டும். மதராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள். தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களுமாகத் திரட்டப்பட்ட மதராஸ் ராணுவம். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்து, கொன்று, கொல்லப்பட்ட 1806-க்கு நான்கே ஆண்டுகள் கழிந்திருந்தன. அதே ராணுவத்தின் ஆட்கள் கடல் தாண்டி வந்து, காட்டு வழியாக போர்ட் லூயியை நோக்கி நடந்தார்கள். ஊருக்குள்ளே மலபார் முகாமில் அவர்கள் மொழி பேசுகிற கொத்தனின் பேரன் இருந்தான். இவன் பிரெஞ்சுக்காரனின் குடி, அவன் ஆங்கிலேயனின் சிப்பாய். சண்டை ஓய்ந்த ஒரு மாலையில் இவர்கள் சந்தித்திருக்க மாட்டார்களா? "எந்த ஊர்?" என்று ஒருவன் கேட்டிருக்க மாட்டானா? எழுதி வைத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் காப் மலரேவின் சிவப்புக் கூரைத் தேவாலயத்துக்கு முன்னால் நின்று புகைப்படம் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் மனத்தில் ஓடுகிறது. படையை நடத்தி வந்த தளபதி அபர்க்ரோம்பியின் பெயரில் போர்ட் லூயியின் வடக்கே ஒரு பகுதி இருக்கிறது. கைலாசன் கோயிலுக்குப் போகும் பக்கம்தான். சிப்பாய்களின் பெயரில் எனக்குத் தெரிந்து ஒரு சந்துகூட இல்லை.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாயேபூர் போகிற பஸ்ஸே பழைய கிராண்ட் போர்ட்டில் டச்சுக்காரர் 1638-இல் அமைத்த பிரெடரிக் ஹென்ட்ரிக் கோட்டையின் இடிபாடுகளைக் காட்டிவிடும். அதே சாலையில் பொயந்த் து தியாப்ளில் பழைய பிரெஞ்சுப் பீரங்கிகள் கடலைப் பார்த்துக்கொண்டு கிடக்கின்றன. பலக்லாவாவில் உள்ள ஆயுதச்சாலை இடிபாடு ஒரு ஹோட்டல் தோட்டத்துக்குள் போய்விட்டது. வாயிலில் அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும், அதற்கு நீ முன்கூட்டியே பேசி வை. மேற்கே லா பிரெனூஸில் உள்ள மார்ட்டெல்லோ கோபுரம் என்ற வட்டமான காவல் கோபுரம் கட்டாயம். 1830-களில் கட்டியது. வாசல் தரையிலிருந்து உயரத்தில் இருக்கும், கடலைப் பார்த்த பக்கச் சுவர் மற்றப் பக்கத்தைவிடத் தடிப்பு. அத்தனை பாடுபட்டுக் கட்டியும் ஒரு சண்டையைக்கூட அது பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போனால் மாலையில் தமரினில் குளித்துக்கொள்ளலாம். கடல் கேட்பவர்கள் வாயும் அடையும்.

போர்ட் லூயியின் சித்தாடெல், அதாவது அடிலெய்ட் கோட்டை, வேறு ரகம். 1834 முதல் 1840 வரை கட்டினார்கள். பெயர் நான்காம் வில்லியத்தின் அரசியினுடையது. குன்றின் மேல் ஏறி நின்றால் உனக்கே விளங்கும்: துறைமுகம் தெரிவதைப் போலவே ஊரும் முழுதாகக் காலடியில் தெரிகிறது. 1835 பிப்ரவரி முதல் தேதி அடிமை முறை ஒழிந்தது. அதை எதிர்த்துத் தோட்ட முதலாளிகள் சில ஆண்டுகளாகவே குமுறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கலகத்துக்குக் கிளம்பிவிடுவார்கள் என்ற பயம் ஆங்கிலேயருக்கு இருந்தது. வெளியிலிருந்து வருகிற எதிரியைவிட உள்ளூர்க்காரனுக்காகக் கட்டிய கோட்டை என்று நான் சொல்வேன். அந்த ஆண்டுகளில், 1836-இல், இங்கே வந்த சார்லஸ் டார்வின் இந்தியாவிலிருந்து ஆயுள் தண்டனையில் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 800 கைதிகள் இங்கிருப்பதாகவும், அவர்களைச் சாலை வேலைகளில் ஈடுபடுத்தியதாகவும் எழுதியிருக்கிறார். அவர்கள் முகத்தோற்றம் அவரைக் கவர்ந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டுக்குக் கோட்டை வேண்டாம், வீடுகளே போதும். முதல் உலகப் போரில் மொரீஷியஸ் உழைப்பாளர் படை மெசப்பொட்டேமியாவுக்குப் போனது. இரண்டாவதில் பயனியர் படை வட ஆப்பிரிக்காவுக்கும் இத்தாலிக்கும் போனது. 1943 டிசம்பரில் மடகாஸ்கரின் தியேகோ சுவாரஸில் கொண்டு இறக்கப்பட்ட மொரீஷியஸ் ரெஜிமெண்ட் கட்டளைக்குப் பணிய மறுத்தது. ராணுவ நீதிமன்றம், தண்டனை எல்லாம் நடந்தது. கியூர்பீப் ராயல் கல்லூரிக்கு முன்னால் இருக்கும் போர் நினைவுச் சின்னத்தில் ஒரு பிரெஞ்சு வீரனும் ஓர் ஆங்கிலேய வீரனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். மண்வெட்டி பிடித்துப் போனவனுக்கு அங்கே உருவம் இல்லை. அதனால் சுற்றுலாவுக்குப் பதிவு செய்கிற ஒவ்வொரு வீட்டிலும், தாத்தா சீருடையில் இருக்கும் புகைப்படம், பதக்கம், பென்ஷன் காகிதம் எது இருந்தாலும் கொண்டுவரச் சொல். பஸ்ஸில் கைமாற்றிப் பார்த்துக்கொண்டு போகலாம். பாட்டிமார் பேச ஆரம்பித்தால் நீ ஒலிபெருக்கியை அணைத்துவிடு.

இனி ஏற்பாடு. மாயேபூருக்குத் திங்கட்கிழமை போனால் சந்தையும் கிடைக்கும், ஆனால் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆகாது, ஞாயிறுதான் சரி. அருங்காட்சியகம் திறந்திருக்கும் நேரத்தைத் தொலைபேசியில் உறுதி செய்துகொள். சண்டை நடந்த ஆகஸ்ட் மாதமே போகலாமே என்று யாராவது ஆசைப்படுவார்கள். அந்தப் பக்கக் கடலில் ஆகஸ்ட் காற்று கடுமை, சின்னத் தீவுக்குப் படகில் போவதாக இருந்தால் காற்று அடங்கும் மாதத்துக்குத் தள்ளிப் போடு. ஏழு கறிச் சாப்பாடு வேண்டாம். இலை போட இடம் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். தால்பூரி, அதாவது பருப்பு ரொட்டி, கட்டிக்கொண்டு போவோம். விளக்கம் சொல்வதை ஒருவரே செய்ய வேண்டாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு இடமாகப் பிரித்துக் கொடு, கிரியோலில் சொல்லட்டும், தமிழில் சொல்ல வருகிறவர்கள் தமிழில் சொல்லட்டும். மதராஸ் சிப்பாய்களை மட்டும் எனக்கு விட்டுவிடு.

அந்தப் பெரியவரைக் கட்டாயம் அழைத்து வா. டிக்கெட் காசு கேட்காதே, நான் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தமிழ் வாத்தியார்
ரோஸ்ஹில்