வட்டம் போட்ட இடம்

பாளையங்கோட்டை
ஞாயிறு இரவு

ஏய்யா முத்து,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிய வேண்டியிருக்கிறது. போனில் பிடித்தால் "ம்", "சரிப்பா", "வேலையா இருக்கேன்" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் தாளை எடுத்தேன். ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவன் பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆகிறது பார்.

வியாழக்கிழமை உன் தங்கச்சி ஒரு வீடியோ காட்டினாள். "அண்ணன் வேலை பாக்குற சேனல்லதான் வந்திருக்கு, தலைப்பு அண்ணன் போட்டதாத்தான் இருக்கும்" என்றாள். ஏதோ ஒரு மாவட்டத்துக் கலெக்டர் ஆபீஸ் வாசல். ஒரு ஆளை நாலு போலீஸ்காரர்கள் பிடித்து இழுக்கிறார்கள், தலையில் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். அவன் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், அதற்கு ஒரு அம்புக்குறி. மேலே, "கலெக்டர் ஆபீசில் பகீர்! அடுத்த நொடி நடந்தது என்ன?" நாலு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

நானும் பார்த்தேன். முதல் தடவை நீ வட்டம் போட்ட இடத்தைப் பார்த்தேன். இரண்டாவது தடவை அவன் இடது கையைப் பார்த்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே நாலாக மடித்த தாள். குடத்துத் தண்ணீரைத் தலையில் கொட்டும்போது அவன் அந்தக் கையை மட்டும் மேலே தூக்கிக்கொள்கிறான், தாள் நனைந்துவிடாமல். சாகத் துணிந்து வந்தவன் என்று நீ காட்டிய ஆள், மனு நனையக் கூடாது என்று பார்க்கிறான். எனக்கு அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

கொக்கிரகுளத்தில், நம்ம கலெக்டர் ஆபீஸ் பக்கம் அந்த வேப்பமரத்தடியில் நான் மனு எழுத உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அட்டை, பேனா, வெள்ளைத்தாள் கட்டு, பசை டப்பா. "சமூகம் உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்" என்று தொடங்கினால் கை தானாக ஓடும். வருகிறவர்கள் பத்து நிமிஷம் பேசுவார்கள், அழுவார்கள், மாமியார் கதை, வாய்க்கால் கதை எல்லாம் சொல்வார்கள். அதை நான் "பொருள்" என்ற தலைப்பில் ஒரு வரியாக்குவேன். அந்த ஒரு வரியாவது படிக்கப்பட்டால் என் பிழைப்புக்கு அர்த்தம் உண்டு. "மேல் நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வரும். எங்கே அனுப்பினார்கள்? பெரும்பாலும் யார் மேல் புகாரோ அந்த இடத்துக்கே.

23-10-2017 அன்று நீ கல்லூரி விடுதியில் இருந்தாய். தீபாவளி முடிந்து அஞ்சு நாள், திங்கட்கிழமை, மனு நாள். கந்துவட்டிக்காரனிடம் சிக்கிய ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு சின்னஞ்சிறு பெண்குழந்தைகள், நம்ம கலெக்டர் ஆபீசில் தீயில் எரிந்தார்கள். வாங்கியது 1 லட்சத்து 45 ஆயிரம், கட்டியது 2 லட்சத்து 34 ஆயிரம், அதற்கும் மேலே கேட்டார்கள், ஆறு தடவை மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அந்த மனுக்கள் நான் எழுதியவை இல்லை. இல்லை என்பதில் ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதிக்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

சத்தம் கேட்டது. நான் ஓடவில்லை. எழுந்து நின்றேன். முன்னால் நின்றவன் தலை மறைத்தது. எட்டிப் பார்த்தேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட. அங்கே மண்ணை வாரி எறிந்தவர்கள் இருந்தார்கள், அலறிக்கொண்டு ஓடியவர்கள் இருந்தார்கள். உன் அப்பன் குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்தான். அந்தத் தாயும் இரண்டு பிள்ளைகளும் அன்றே போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்து அந்த மனுஷனும்.

படம் நாடு முழுக்கப் போனது. அதை நான் வர்ணிக்கப் போவதில்லை. படம் எடுத்தவர்களை எல்லாரும் திட்டினார்கள்: கேமராவைப் போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டாமா என்று. படம் வராவிட்டால் கந்துவட்டி பற்றி ஒரு நாயும் பேசியிருக்காது என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது, எனக்கு இன்றைக்கும் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கோபம் போன திசை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கொஞ்ச நாளில் அது ஒரு கார்ட்டூன் மேல் போனது. அதிகாரிகளையும் முதலமைச்சரையும் வரைந்ததற்காகக் கார்ட்டூனிஸ்ட் பாலாவை நவம்பரில் சென்னையில் கைது செய்து நம்ம ஊருக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் ஜாமீன். கார்ட்டூன் ஆபாசமா இல்லையா என்று டீக்கடையில் ஒரு வாரம் பேச்சு ஓடியது. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது. அதைப் பற்றி அந்த டீக்கடையில் ஒரு வார்த்தை வரவில்லை.

அதற்குப் பிறகு நிலையாக மாறியது வாசல்தான். திங்கட்கிழமை வந்தால் பையைத் திறந்து காட்ட வேண்டும். போன மாசம் நாங்குநேரிப் பக்கமிருந்து ஒரு கிழவி, மஞ்சப்பை, அதில் தண்ணீர் பாட்டில், ஒரு பொட்டலம் மிக்சர், என்னிடம் எழுதிய மனு. காவலுக்கு நின்ற பெண் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தாள். மிக்சரைக்கூடப் பிரித்துப் பார்த்தாள். மனுவை அப்படியே ஒதுக்கி மறுபடியும் பைக்குள் வைத்தாள். அவள் மேல் தப்பில்லை, அவளுக்கு இட்ட வேலை அது. அவ்வளவு தூரம் வந்த பையில் படிக்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது, அதைத் தவிர மற்றதெல்லாம் சோதனையானது.

உன் தொழிலும் என் தொழிலும் சொல்லில் ஓடுகிறவை, அதனால் சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "தீக்குளிப்பு" என்கிறோமே, அதில் குளிப்பு எங்கிருந்து வந்தது? ஏதோ புனித நீராடல் மாதிரி. கீழப்பழுவூர் சின்னசாமி 1964 ஜனவரி 25-ம் தேதி திருச்சி ரயில் நிலையத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்து உயிரை விட்டார். இன்றைக்கும் அந்த நாளில் மாலை போடுகிறார்கள், வீரவணக்கம் சொல்கிறார்கள். அவர் நினைத்ததைக் குறை சொல்ல நான் யார்? உன் தாத்தாவே அந்தக் கூட்டங்களுக்குப் போனவர். ஆனால் சின்னசாமிக்கு மனைவியும் சின்னப் பெண்குழந்தையும் இருந்தார்கள். அடுத்த மாசம் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று ஒரு மேடையிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. மாலை விழுந்த கழுத்தை மட்டும் ஊர் பார்க்கும். அதைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பையன் கூட்டத்தில் நின்றுகொண்டிருப்பான்.

மாலை இல்லாத ஆளுக்கு இன்னொரு சொல் வைத்திருக்கிறோம்: "தற்கொலை மிரட்டல்". நம்ம ஊர் விலக்குப் பக்கம் செல்போன் டவரில் ஒருத்தன் ஏறினானே, அப்போது நீ சென்னை போய்விட்டாய். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஏறினான். முதலில் ஜனம் பயந்துதான் நின்றது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஆறரைக்கு மேல் இருட்டியது. அப்புறம்தான் குரல் மாறியது. சுண்டல் வண்டி வந்துவிட்டது. "குதிக்கியா இல்லியாலே, கடைசி பஸ்ஸு போயிரும்" என்று ஒருத்தன் கத்தினான், எல்லாரும் சிரித்தார்கள். பகலில் அந்தக் கத்து வந்திருக்காது. முகம் தெரியும் இல்லையா.

தீயணைப்பு வண்டியில் வந்தவர் ஒருத்தர், ஐம்பது வயசு இருக்கும். முதலில் செல்போன் வெளிச்சத்தையெல்லாம் அணைக்கச் சொன்னார். பாதி பேர் அணைக்கவில்லை. பெல்ட் மாட்டிக்கொண்டு பாதி தூரம் ஏறி நின்றார். மேலே பார்த்து, "சாப்ட்டியாடே?" என்றார். அவ்வளவுதான் எங்கள் காதில் விழுந்தது. மீதியெல்லாம் அவர்கள் இரண்டு பேருக்குள்ளே. எட்டு மணிக்கு இருவரும் இறங்கினார்கள். அவன் கால் தரையில் பட்டபோது என் பக்கத்தில் நின்றவன் சொன்னான், "சே, இதுக்கா மூணு மணி நேரம் நின்னோம்." நல்ல மனுஷன்தான் அவன். கோயில் கொடைக்கு முதல் ஆளாக வரி கொடுப்பவன்.

உன் தங்கச்சி இதைக் கேட்டுவிட்டு, "இது எங்க பாடத்துலயே இருக்குப்பா" என்றாள். லியோன் மான் என்று ஒரு உளவியல்காரர் 1981-லேயே எழுதியிருக்கிறாராம். இப்படி 21 சம்பவங்களை எடுத்துப் பார்த்தால் 10-ல் கீழே நின்ற கூட்டம் கிண்டல் செய்திருக்கிறது, குதி என்று கத்தியிருக்கிறது. கூட்டம் பெரிதாக இருந்தால், இருட்டிவிட்டால், நேரம் இழுத்துக்கொண்டே போனால் வாய் நீளுமாம். முத்து, நீ போட்ட வீடியோவுக்குக் கீழே இருந்ததை அவள் வாசித்துக் காட்டினாள். "எல்லாம் டிராமா." "புடிச்சு உள்ள போடுங்க சார்." "சாகணும்னு நெனக்கிறவன் சொல்லாமலே சாவான்." நாலு லட்சம் பேர் கூட்டம், ஒருத்தர் முகமும் ஒருத்தருக்குத் தெரியாது. நீ சுண்டல் வண்டிக்காரனாக ஆகிவிட்டாயோ என்று நினைத்தேன். கோபித்துக்கொள்ளாதே.

அந்தக் கடைசிக் கமெண்டுக்கும் அவளிடம் பதில் இருந்தது. அமெரிக்காவில் கோல்டன் கேட் பாலத்தில் 1937 முதல் 1971 வரை தடுத்துக் காப்பாற்றப்பட்ட 515 பேர் என்ன ஆனார்கள் என்று சைடன் என்பவர் தேடிப் பார்த்து 1978-ல் எழுதினாராம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மறுபடி அந்த வழிக்குப் போகவில்லை. உயிரோடு இருந்தார்கள், இல்லையென்றால் இயற்கையாக இறந்திருந்தார்கள். டவர்க்காரனும் அப்படித்தான். இரண்டு வாரம் கழித்து என்னிடம் மனு எழுத வந்தான். அப்பன் பேரில் இருந்த மூன்று சென்ட் வீட்டுமனைக்குப் பட்டா பெயர் மாற்றம். ஒரு அலுவலகத்துக்கு இரண்டு வருஷம் நடந்திருக்கிறான். பட்டா வர மேலும் எட்டு மாசம் ஆனது. நானும் அவனும் நேரில் போய் நாலு தடவை உட்கார்ந்ததால் வந்தது. ஊரில் மட்டும் "டவர்ல ஏறுனான், வாங்கிட்டான்" என்று பேச்சு. அந்தப் பேச்சுக்குத்தான் நான் பயப்படுகிறேன். போன சித்திரையில் அவன் மகளுக்குக் காதுகுத்து, வெற்றிலை பாக்கோடு வந்து அழைத்தான்.

அவன் மேல் வழக்கு இருந்தது. சட்டத்தில் இதற்கு இரண்டு முகம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருது, கவனிப்புக் கொடு என்கிறது. 2024 ஜூலை முதல் வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ம் பிரிவு கிடையாது, ஆனால் 226-ம் பிரிவு என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது: அரசு ஊழியரை நெருக்குவதற்காகத் தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. மிரட்டல் என்று நீ தலைப்புப் போடும்போது எந்தப் பக்கம் சாய்கிறாய் என்று தெரிந்து போடு. 2019-ல் பிரஸ் கவுன்சில் சொன்னதும் உனக்குத் தெரிந்திருக்கும்: தற்கொலைச் செய்திக்குப் பரபரப்புத் தலைப்பு வேண்டாம், படம் வீடியோ வேண்டாம், எப்படிச் செய்தார்கள் என்று விவரிக்க வேண்டாம். அது பத்திரிகைக்கு, நமக்கில்லை என்று உன் மேலே இருப்பவர் சொல்வார். உதவி எண்ணைக் கீழே போட்டிருந்தாய், பார்த்தேன். தலைப்பு பனைமரம், எண் எறும்பு.

இதையெல்லாம் திட்டுவதற்காக எழுத உட்காரவில்லை. அந்த வீடியோ நாற்பது நொடி. அப்படியென்றால் முழுசாக எவ்வளவு நேரம் இருந்தது? வெட்டியது யார்? நாலு லட்சம் பேர் பார்க்காத மீதியை ஒருத்தன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான் அல்லவா. தினமும் அந்த மாதிரி எத்தனை வருகிறது? உன் அறையில் இருக்கும் தம்பி, நீ விளக்கை அணைக்காமல் தூங்குகிறாய் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். 2017-க்குப் பிறகு நானும் ஒரு வருஷம் திண்ணையில் விளக்குப் போட்டுத்தான் படுத்தேன். கொசுவுக்காக என்று உங்களிடம் சொன்னேன்.

14416 என்று நீ எறும்பெழுத்தில் போட்ட மனநல உதவி எண், அது உனக்கும்தான். வெட்கப்படாதே. நான் அப்போது யாரிடமும் பேசவில்லை, பேசியிருக்கலாம்.

வேலையை விடு என்று சொல்லமாட்டேன், வீட்டு லோன் எனக்கும் தெரியும். ஒன்று மட்டும் செய். அந்த ஆள் எந்த ஊர், அந்தக் கவரில் என்ன மனு என்று அந்த மாவட்டத்து நிருபரிடம் கேள். தெரிந்தால் அந்த நாலு மடிப்புத் தாளைச் சுற்றி ஒரு வட்டம் போடு. உன் சேனல் விடவில்லையென்றால் எனக்குச் சொல். நான் அவனிடம் பேசி மனுவைத் திருத்தி எழுதித் தாரேன், காசு வேண்டாம். முதலில் எழுதியவன் "பொருள்" சரியாகப் போட்டிருக்கமாட்டான்.

அம்மா ஊறுகாயும் கருப்பட்டியும் கட்டி வைத்திருக்கிறாள், மேலத்தெரு மணி புதன்கிழமை வருகிறான், வாங்கிக்கொள். ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு, எடுப்பேன். திங்கள் காலையில் மட்டும் வேண்டாம், மனு நாள்.

இப்படிக்கு
அப்பா